நகரபிதாவும் முதலாளியும்: ஸ்லீன் நகரின் தோமாஸ் பாட்டா

இலங்கைத் தமிழரின் பேச்சு வழக்கில் ‘பாட்டா’ என்பது றப்பர்ச் செருப்பைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. அச்சொல் ஒரு மனிதனின் குடும்பப் பெயர் என்பதையோ, அம்மனிதன் ஒன்பது ஆண்டுகள் ஒரு சிறு நகரின் நகரபிதாவாக விளங்கினான் என்பதையோ அதனை வழங்குவோரிற் பெரும்பாலார் அறியார். தோமாஸ் பாட்டாவின் வாழ்க்கையை நாம் இங்கு நோக்குவது ஒரு தனிமனிதனின் வெற்றிக்கதையாக அன்று. வேலை கொடுப்பவனும் ஊரை ஆள்பவனும் ஒருவனாகும்போது அவ்வூர் மக்கள் பெறுவது யாது, இழப்பது யாது என்பதே நமது வினாவாகும்.

பாட்டா 1876ஆம் ஆண்டு, அக்காலத்து ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மொறேவியப் பகுதியிலுள்ள ஸ்லீன் என்னுமிடத்தில், வழிவழியாகச் சப்பாத்துத் தைத்துவந்த குடும்பத்திற் பிறந்தார். 1894இல் சகோதரன், சகோதரி ஆகியோருடன் சேர்ந்து பட்டறையொன்றை நிறுவினார். அப்போது ஸ்லீனின் குடித்தொகை ஏறக்குறைய 3,000 மாத்திரமே. தொடக்கத்திலேயே கடன் நெருக்கடி சூழ்ந்தது. தோலுக்குப் பதிலாகக் கன்வஸ் துணியாற் செய்த மலிவான சப்பாத்துக்கள் அவரை அதிலிருந்து மீட்டன. 1904இல் அமெரிக்காவின் லின் நகர்ச் சப்பாத்துத் தொழிற்சாலையிற் கூலியாளாக நின்று இயந்திர உற்பத்தி முறையைக் கற்றுத் திரும்பினார். 1906இல் அவரது தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் ஒன்று நிகழ்ந்தது. சுதந்திரமான தொழிற்சங்கத்தைத் தமது மதிலுக்குள் அனுமதிப்பதில்லை என்ற அவரது பிற்காலக் கொள்கையின் வேரை இங்கே காணலாம். 1914இல் மூண்ட முதலாம் உலகப் போரில் இராணுவப் பாதணிகளுக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள் அத்தொழிலைப் பன்மடங்கு பெருக்கின.

போரின் பின் புதிதாகத் தோன்றிய செக்கோசிலாவாக்கியாவைப் பொருளாதார மந்தம் பீடித்தது. 1922 செப்டெம்பரில் பாட்டா தமது சப்பாத்துக்களின் விலையைப் பாதியாகக் குறைத்தார். தொழிலாளரின் கூலியையும் 40 வீதத்தால் வெட்டினார். அதற்கு ஈடாக உணவையும் பிற தேவைப் பொருட்களையும் கம்பனிக் கடைகளிற் குறைந்த விலைக்கு வழங்கினார். சந்தை அவர் கைக்கு வந்தது. அதே வேளையில் தொழிலாளியின் கூலி மட்டுமன்றி அவனது அடுப்பும் தொழிற்சாலையைச் சார்ந்ததாயிற்று.

இப்பின்னணியிலேயே 1923ஆம் ஆண்டின் நகரசபைத் தேர்தலை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதுவரை இடதுசாரிகளின் செல்வாக்கில் இருந்த நகரசபைக்கு எதிராகப் பாட்டா தமது ஆட்களைக் கொண்ட பட்டியலொன்றை நிறுத்திப் பெரும்பான்மை பெற்றார்; தாமே நகரபிதாவானார். 1927இலும் 1931இலும் அவரது அணி மீண்டும் வென்றது.

அவர் ஆற்றிய பணிகளை மறைப்பது வரலாற்று நேர்மையாகாது. 1921இல் 5,000 பேருக்கும் குறைந்திருந்த ஸ்லீனின் குடித்தொகை 1930இல் 21,000ஐத் தாண்டியது. அவ்வளவு பேருக்கும் வீடு, வீதி, மின்சாரம், பாடசாலை ஆகியன அமைந்தன. 1927இல் மருத்துவமனை எழுந்தது. தோட்டங்களின் நடுவே சிவந்த செங்கற் சுவர்களுடன் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்றன. நகரமண்டபத்தை வடிவமைத்த ககூரா என்ற கட்டடக்கலைஞரே தொழிற்சாலைக்கும் நகருக்கும் திட்டம் வரைந்தார். ஐரோப்பாவின் பழைய கைத்தொழில் நகரங்களின் இருண்ட சேரிகளோடு ஒப்பிடுகையில் இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் இவ்வீடுகள் எவருக்கு, எந்த நிபந்தனையின் பேரில் வழங்கப்பட்டன? அவை வேலையோடு பிணைக்கப்பட்டவை. வேலையை இழந்தவன் வீட்டையும் இழந்தான். 1924இல் அறிமுகமான இலாபப் பங்கீட்டு முறையிலும் பங்கின் ஒரு பகுதி வட்டியுடன் தொழிற்சாலையிலேயே வைப்பாக நிறுத்தப்பட்டது. கூலி, வீடு, சேமிப்பு என்ற மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தன. முறைப்பாடு செய்ய நகரசபைக்குச் செல்பவன் அங்கும் அதே கையையே கண்டான். வாக்குரிமை சட்டத்தில் இருந்தது. ஆயின் வேலை கொடுப்பவனுக்கு எதிராக வாக்குக் கேட்டுப் பகிரங்கமாக மேடையேறும் துணிவு எத்தனை தொழிலாளருக்கு வாய்த்திருக்கும்?

இவ்வினாவை அக்காலத்தவரும் எழுப்பினர். 1928இல் றுடோல்ப் பிலிப் என்பவர் பாட்டாவை அறியப்படாத சர்வாதிகாரி எனச் சித்திரித்து நூல் வெளியிட்டார். 1933இல், முன்னர் அத்தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஸ்வற்றோப்புளுக் ருறெக் எழுதிய நாவலும் நீதிமன்ற வழக்குக்கு உள்ளாயிற்று. விமர்சனத்துக்கு மறுமொழியாக வழக்குத் தொடுத்தமை அவ்வமைப்பின் இயல்பை ஓரளவு புலப்படுத்துகின்றது எனலாம்.

1932 ஜூலை 12ஆம் திகதி பாட்டா விமான விபத்தில் மரணமானார். தொழில் அவரது மாற்றாந்தாய்ச் சகோதரரிடம் சென்றது. நகரபிதாப் பதவி கம்பனியின் இயக்குநர்களில் ஒருவரான சிப்பெராவிடம் சென்றது. நகரபிதாப் பதவி மக்கள் வழங்கும் பொறுப்பு என்ற நிலைமாறித் தொழிற்சாலையின் ஒரு பிரிவாகிவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அம்முறை எல்லை கடந்தும் பரவியது. 1930களிற் கல்கத்தாவுக்கு அண்மையில் ஹூக்ளி நதிக்கரையில் எழுந்த பாட்டாநகர், அம்முதலாளியின் பெயரையே ஊரின் பெயராகத் தாங்கிற்று.

1945இல் ஸ்லீன் தொழிற்சாலை அரசுடைமையாக்கப்பட்டது. 1949இல் அந்நகருக்கு ஆளுங் கட்சித் தலைவரின் பெயரால் கொற்வால்டோவ் எனப் பெயரிட்டனர். 1990இலேயே பழைய பெயர் மீண்டது. இவ்விடத்து முற்போக்காளராகிய நாம் நம்மையும் வினவிக்கொள்ள வேண்டியுள்ளது. உடைமை கைமாறியபோதும் வேலையும் வீடும் ஆட்சியும் ஒரே அதிகாரத்தின் கீழேயே இருந்தன. முதலாளிக்குப் பதிலாக அரசு வந்தது. அதனைக் கேள்வி கேட்கும் சுதந்திரமான சங்கமோ சபையோ அப்போதும் வாய்க்கவில்லை.

நமது மொழியில் மேயரை ‘நகரபிதா’ என்கிறோம். பிதா கொடுப்பான், பிள்ளை பெற்றுக்கொள்ளும். ஸ்லீன் மக்கள் நிறையவே பெற்றனர். ஆனால் அருளாகப் பெற்றதை உரிமையாக மாற்றும் வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. பாட்டாவின் வாழ்க்கை நமக்குணர்த்துவது இதுவே: ஓர் ஊரின் நலனை அதன் வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது; அவ்வீட்டில் இருப்பவன் அதனைத் தந்தவனுக்கு எதிராகவும் அச்சமின்றி வாக்களிக்க இயலுமா என்பதையுஞ் சேர்த்தே அளத்தல் வேண்டும்.