எஃப்.சி. முடிந்த வண்டியும் ஓட்டை விழுந்த தரையும்

ஆரோவில் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுவதுதான் முக்கியத் தொழில். போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது, "சார், எஃப்.சி. முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன். மாட்டினா ஃபைன் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பார்த்துச் சொல்றேன் என்று வந்து சட்டத்தைப் புரட்டினேன். ஃபைன்தான் இதில் ரொம்பச் சின்ன விஷயம் என்று புரிந்தது.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று நமக்குப் புதிதல்ல. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 38ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இப்போதைய 1988 சட்டத்தில் அது 56ஆம் பிரிவு. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குமேல் வருடா வருடம்.

இந்தப் பிரிவின் வாசகம் கவனிக்க வேண்டியது. சான்று இல்லாவிட்டால் ஓட்டாதே என்று அது சொல்லவில்லை. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்கிறது. அதாவது தேதி முடிந்த மறுநாள் உங்கள் நம்பர் பிளேட்டுக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. அதனால்தான் பதிவில்லாத வண்டிக்கான 192ஆம் பிரிவு பாய்கிறது: முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவை ஓராண்டு வரை சிறையும் உண்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டண விதி, புதுப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் சேர்த்தது.

பெரிய அடி இன்சூரன்சில். தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11இல் முடிந்த ஒரு வண்டி பிப்ரவரி 2இல் விபத்துக்குள்ளானது. மூன்று வார இடைவெளிதான். பதிவில்லாமல் ஓட்டியது அடிப்படை மீறல், வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (நரிந்தர் சிங் வழக்கு). தகுதிச் சான்று இல்லாததும் அப்படிப்பட்ட மீறல்தான் என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும், அந்தத் தொகையை உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கலாம்.

சரி, சான்று கையில் இருந்தால் போதுமா?

2012 ஜூலை 25. தாம்பரம் அருகே முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்தான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள்! சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்று பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்களே, அதன் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள். குற்றம் சாட்டப்பட்டவர்களை 2022இல் செங்கல்பட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது.

தேதியைத் தவறவிடுவது ஒரு தவறு. தேதிக்குள் வண்டியைக் கொண்டுபோய், யாரும் குனிந்து பார்க்காமல் முத்திரை வாங்கி வருவதும் சோதனையைத் தவறவிட்டதுதான். முதலாவது சட்டத்துக்குத் தெரியும், இரண்டாவது விபத்து நடந்தால்தான் தெரியும்.

எங்கள் கடற்கரையில் இது இன்னும் கவலைக்குரியது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துவிடும். மூட்டையிலிருந்து கசியும் உப்புத் தண்ணீர் பாடித் தரையில் இறங்கி, சேஸிஸ், பிரேக் பைப் என்று கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத் தின்னும். நம் ஆட்களோ எஃப்.சி.க்கு வண்டியை "ரெடி பண்றது" என்றால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மேலே பளபளப்பு, அடியில் துரு.

உப்பு வண்டிக்காரர்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் காட்டும் உமணர்கள், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே கிளம்புகிறார்கள். அவர்களிடம் சான்று கேட்க எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் இல்லை. வண்டி பாதி வழியில் படுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். இன்சூரன்ஸ் கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. மறுநாள் லோடு எடுக்காமல் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். சாயங்காலம் போன் வந்தது. "சார், பின்பக்க பிரேக் பைப்பை விரலால தொட்டாலே உதிருது. இதோடயா இத்தனை நாள் ஈசிஆர்ல ஓட்டிட்டிருந்தேன்?"

பைப் மாற்றிய பிறகுதான் எஃப்.சி.க்குப் போகிறாராம். பெயிண்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார்.