எங்கள் வீட்டு வைஃபைக்கு ஏன் இரண்டு பெயர்?



விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்திருக்கும் பேத்தி நேற்று கேட்டாள்: "தாத்தா, நம்ம வீட்டு வைஃபைல ரெண்டு பேரு காட்டுதே. ஒண்ணுக்கு ஏன் ‘திண்ணை’ன்னு வச்சிருக்கீங்க?"

வரலாறு நடத்தியவன் ஆயிற்றே, கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குத் தொலைபேசி நிலையம் வந்தது 1882இல். ஆபரேட்டரைக் கேட்காமல் நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி, இந்தியாவில் முதன்முதலாக லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960இல் வந்தது. எங்கள் தெருவில் 1987இல்கூட ஒரே ஒரு போன்தான், மளிகைக்கடை அண்ணாச்சியிடம். தெருவில் பாதிப் பேர் சொந்தக்காரர்களுக்கு அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என் மகன் பிறந்த சேதி வந்ததும் அதில்தான். கடைப் பையன் பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்து சொன்னான். பிறகுதான் மஞ்சள் பலகை மாட்டிய பூத்துகள் வந்தன. சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. போன் கம்பி வழியாகவே வரும். இணையம் ஓடினால் போன் பேச முடியாது. 2004இல் மத்திய அரசின் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. இன்று எங்கள் வீட்டில் 100 மெகாபிட், ஏறக்குறைய நானூறு மடங்கு. 2005 ஜனவரியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. வீட்டுக்கு வீடு வைஃபை வைக்க வழி திறந்தது அப்படித்தான்.

இனி ரவுட்டர். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். 1981இல் வகுத்த முறைப்படி மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அது போதாது என்று தெரிந்ததும், 1994இல் எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழியை எழுதி வைத்தார்கள். வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி. உள்ளே எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் இருக்கலாம். யார் எதைக் கேட்டார் என்று ரவுட்டர் குறித்துக்கொண்டு, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். அண்ணாச்சி கடைப் பையன் பார்த்த அதே வேலை!

எங்கள் வீட்டுக்கு முதல் ரவுட்டர் வந்தது 2020 ஜூனில். பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம். ஃபைபர் இழுத்த தம்பி பெட்டியை மாட்டி, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் காட்டிவிட்டுப் போனார். "யாருக்கும் குடுத்திராதீங்கப்பா" என்று மகன் சென்னையிலிருந்து நாலு தடவை சொன்னான்.

மறுநாளே பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். அப்பா விசைத்தறித் தொழிலாளி, தறி நின்று போயிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. "சார், ஆன்லைன் கிளாசுக்கு பாஸ்வேர்டு தருவீங்களா?" என்றாள். நான் மறுத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவன், படிக்கக் கேட்ட பிள்ளையிடம் இல்லை என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "அன்னைக்கு அண்ணாச்சி ‘என் போன் நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க’ன்னு சொல்லியிருந்தா, உங்க மகன் பிறந்தது உங்களுக்கு எப்ப தெரிஞ்சிருக்கும்?"

அன்று இரவே மகனைக் கூப்பிட்டேன். அவன் சொல்லச் சொல்ல, கணினியில் 192.168.1.1 என்று அடித்தேன். இதுபோன்ற எண்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1994இல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கலாம். முதலில் பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்து வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது! மூன்றாவதாக, ‘கெஸ்ட் நெட்வொர்க்’. விருந்தாளிக்குத் தனி வழி. இணையம் கிடைக்கும், நம் கணினிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அந்தக் காலத்துத் திண்ணை மாதிரி. வழிப்போக்கர் உட்காரலாம், வீட்டுக் கதவு பூட்டியே இருக்கும். அந்தப் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நான் மறுத்ததை அவள் மறந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

புதிதாக ரவுட்டர் வைப்பவர்கள் அந்த இரண்டு பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். மூன்றாவது வேலையையும் மறக்காதீர்கள்.

உங்கள் தெருவில் முதல் போன் யார் வீட்டில் இருந்தது? கீழே எழுதுங்கள். பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன்.