மேய்ன் மாநிலத்தில் தூய மின்மயமாக்கல்
அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள குளிர் மிகுந்த மாநிலம் மேய்ன். வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதே இங்கு நெடுநாள் வழக்கம். பசுங்குடில் வாயுக்களை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடும் 2050க்குள் 80 விழுக்காடும் குறைக்க 2019இல் சட்டம் இயற்றப்பட்டது. 2025க்குள் 1 லட்சம் வெப்பப் பம்புகள் பொருத்தும் இலக்கும் அதே 2019இல் வந்தது, 2023இலேயே எட்டப்பட்டது.

வெப்பப் பம்பு எதையும் எரிப்பதில்லை. ஏ.சி.யைத் திருப்பி இயக்கியதுபோல, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளுகிறது. அதனால் செலவாகும் மின்சாரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் இத்திறன் குறையும் என்பதும் உண்மைதான். மின்சாரமே புதைபடிவ எரிபொருளில் பிறந்தால் பயன் சுருங்கிவிடும். ஆகவே 2030க்குள் மின்விற்பனையில் 80 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என மற்றொரு சட்டம் விதித்தது.