மணமகள் கைப் பூச்செண்டு

மணவினை நிகழும் இடமெல்லாம் மலர் உண்டு. நாடு வேறாகலாம், மொழி வேறாகலாம், சமயம் வேறாகலாம். மலரின்றி மணஞ் செய்யும் மக்களைக் காண்டல் அரிது. நம்மவர் மலரை மாலையாகத் தொடுத்துத் தோளில் இடுகின்றனர். மேனாட்டார் செண்டாகக் கட்டி மணமகளின் கையிற் கொடுக்கின்றனர். இன்று நம் ஊர்களிலும் வரவேற்பு வைபவங்களில் மணமகள் கையில் பூச்செண்டைக் காண்கின்றோம். பெரியோருட் சிலர் இஃது அந்நிய வழக்கென முகஞ் சுளிப்பர். இளைஞருட் சிலர் இதுவே நாகரிகம் என்பர். இரு சாராரும் அச்செண்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. அவ்வரலாறு தெளிவாகப் பதிவாகியிருப்பது இங்கிலாந்து அரச குடும்பத்தில். ஆதலின் அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1840ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் தம் மாமன் மகனாகிய அல்பேட் இளவரசரை மணந்தார். உலகின் பெரும் பகுதியை ஆண்ட அரசி, அன்று தலையில் மணிமுடி தரிக்கவில்லை. தோடம்பூ மாலையையே சூடினார். தோடை மரம் என்றும் பசுமையானது. பூவும் காயும் ஒரே காலத்தில் ஒரே கிளையில் நிற்கும் இயல்புடையது. கன்னிமையின் தூய்மைக்கும் மக்கட்பேற்றுக்கும் அது அடையாளமாயிற்று. 1846இல் அல்பேட் தம் மனைவிக்குப் பொன்னாலும் வெண்களிமண்ணாலும் தோடம்பூ மாலையொன்று செய்வித்தளித்தார். அதிற் பச்சை நிறச் சிறு காய்கள் நான்கு இருந்தன. அப்பொழுது அவர்களுக்கிருந்த மக்கள் நால்வரையும் அவை குறித்தன. கணவன் மனைவியர்க்கிடையே பூ ஒரு மொழியாகவே வழங்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அக்காலம் மேனாட்டில் மலர்மொழி பரவிய காலம். 1819இல் பாரிசு நகரில் வெளிவந்த மலர்மொழி நூலொன்று பெரும் புகழ் பெற்றது. அதனைத் தழுவிப் பல நூல்கள் எழுந்தன. ஐவிக் கொடி பற்றுறுதியைக் குறிக்கும். பள்ளத்தாக்கு லில்லி மீண்டு வரும் மகிழ்ச்சியைக் குறிக்கும். ஹயசிந்த் மலர் மாறாக் காதலைக் குறிக்கும். இவ்வாறு ஒவ்வொரு மலருக்கும் ஒரு பொருள் கற்பிக்கப்பட்டது. எனவே செண்டுக்குப் பூத் தெரிதல் நிறம் பார்த்தல் மாத்திரம் அன்று, பொருள் பார்த்தலுமாயிற்று.

ஆயினும், நூலிற் கண்ட பொருளினும் வாழ்விற் கண்ட பொருளே நிலைத்தது. இதனை ஒரு சிறு செடி காட்டும். மிர்ட்டில் என்பது மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் பசுமை மாறாப் புதர். நாவலும் கொய்யாவும் கராம்பும் அதன் குடும்பத்தவையே. நறுமணமுள்ள சிறு வெண்பூப் பூக்கும். பண்டைக் கிரேக்கர் அதனைக் காதற் தெய்வத்துக்கு உரியதெனப் போற்றினர். 1845இல் விக்டோரியா மகாராணியார் ஜேர்மனியிலுள்ள கோதா என்னும் ஊருக்குச் சென்றபோது, அல்பேட்டின் பாட்டியார் அவருக்குச் சிறு மலர்க்கொத்தொன்றைக் கொடுத்தார். அதில் மிர்ட்டில் இருந்தது. மகாராணியார் அதனை வாட விடவில்லை. அவ்வாண்டே வாங்கிய, வைட் தீவிலுள்ள ஓஸ்போர்ன் மாளிகையின் மேற்றளச் சுவரோரம் அக்கொத்தின் கிளை நடப்பட்டது. அது வேர்கொண்டு செடியாயிற்று.

1858இல் மகாராணியாரின் மூத்த மகள் மணக்கோலம் பூண்டபோது, அவர் செண்டில் மிர்ட்டில் இடம்பெற்றது. அன்று தொடங்கி அரச குடும்பத்து மணமகளிர் செண்டில் ஓஸ்போர்ன் மிர்ட்டிலைச் சேர்ப்பது மரபாயிற்று. 1947 நவம்பர் 20இல் எலிசபெத் இளவரசியார் ஏந்திய வெள்ளை ஓர்க்கிட் செண்டிலும் அஃது இருந்தது. 2011இல் வில்லியம் இளவரசரை மணந்த கேட் அவர்களின் செண்டிலும் இருந்தது. பாட்டி ஒருவர் பேரனின் மனைவிக்குக் கொடுத்த கொத்தின் கிளை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மணமேடை ஏறி வருகின்றது! விலை கொடுத்து வாங்கிய ஓர்க்கிட் வாடிற்று. நட்டு வளர்த்த கிளை வாழ்கின்றது.

இம்மரபுடன் பின்னர் இன்னொன்றும் சேர்ந்தது. 1923 ஏப்பிரில் 26இல் எலிசபெத் போவ்ஸ் லையன் என்னும் நங்கை, பின்னாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரான யோர்க் கோமகனை மணப்பதற்கு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துள் நுழைந்தார். அவர் தமையன் பேர்கஸ், 1915 செப்டெம்பரில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்த லூஸ் போரில் மாண்டவர். தேவாலயத்தினுள்ளே, முதலாம் உலகப் போரில் இறந்த பெயரறியா வீரன் ஒருவனின் கல்லறை உண்டு. மணமேடைக்குச் செல்லும் வழியில் நங்கை நின்றார். தம் செண்டை அக்கல்லறைமேல் வைத்தார். வெறுங்கையுடன் சென்று மணமுடித்தார். பின்வந்த அரச மணமகளிர், மணம் முடிந்தபின் தம் செண்டை அக்கல்லறைக்கு அனுப்பி வைப்பாராயினர். அவர் மகளாகிய எலிசபெத் இளவரசியாரின் செண்டும் 1947இல் மணநாளின் மறுநாள் அங்கே வைக்கப்பட்டது.

2018இல் ஹரி இளவரசர் தம் மணத்துக்கு முன்னாளில் தோட்டத்துக்குத் தாமே சென்று சில பூக்களைக் கொய்து மணமகளின் செண்டிற் சேர்ப்பித்தார். ‘என்னை மறவாதே’ எனப் பொருள்படும் பெயருடைய சிறு நீலப்பூவும் அச்செண்டில் இருந்தது. 1997இல் மறைந்த அவர் தாயார் டயானாவுக்கு மிக விருப்பமான பூ அது.

இவ்வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மண்டபம் நிறைந்த பூக்களை மக்கள் மறந்தனர். ஒரு பாட்டியையும், ஒரு தமையனையும், ஒரு தாயையும் நினைந்து தெரிந்த பூக்களே கதையாய் நின்றன.

இவ்வுணர்ச்சி நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து மணவீடுகளிற் கன்னிக்கால் ஊன்றும்போது முள்முருக்கந் தடியை நடுகின்றோம். அது தளிர்த்தால் மணமக்கள் வாழ்வும் தளிர்க்கும் என்பது முதியோர் நம்பிக்கை. ஓஸ்போர்னிலே நட்டது மிர்ட்டிற் கிளை. நம் முற்றத்திலே நட்டது முருக்கந் தடி. இரண்டும் ஒரே நெஞ்சின் செயல்கள் அல்லவா? ஆனால் இன்று அத்தடியை மறுமாதமே பிடுங்கியெறியும் வீடுகளும் உள. கன்னிக்காலைப் பிடுங்கிவிட்டுச் செண்டை அந்நியமென ஏசுவதிற் பயனில்லை. பொருளறியாது பிளாஸ்ரிக் பூவைக் கட்டி ஏந்துவதிலும் நாகரிகமில்லை.

செண்டு வேண்டுமா, வேண்டாவா என்பது அவ்வவ் வீட்டார் விருப்பம். வேண்டுமென்போர் பூத் தெரியுமுன், ‘என்ன விலை?’ எனக் கேட்பதோடு, ‘யாரை நினைந்து?’ என்றும் கேட்பாராக. அம்மம்மா வைத்த மல்லிகைப் பந்தல் இன்னும் பூக்கின்றதா? அப்பப்பா வளர்த்த நந்தியாவட்டை வேலியோரம் நிற்கின்றதா? அதிலொரு கொத்துச் செண்டிற் சேரட்டும். நம் மணப்பந்தல்களில் வெறுமையாய்க் கிடக்கும் ஆசனங்கள் எத்தனை! போரிலும் கடற்கோளிலும் இழந்த தமையன்மார், தாய்மார் எத்தனை பேர்! மணநாளன்று அவர் படத்தின் முன் மணமகள் கைப்பூ ஒன்று வைக்கப்படுமாயின், அது மங்கலத்துக்குக் குறைவாகாது, மங்கலத்தை நிறைவாக்கும்.

இளைஞர் செண்டு கட்டட்டும். முதியோர் அதற்குரிய பூ நிற்கும் செடியைக் காட்டட்டும். மணம் முடிந்த பின்னர் இருவருமாக ஒரு கிளையை நட்டு நீரூற்றட்டும். பேர்த்தி மணக்கோலம் பூணும் நாளில் பூப் பறிக்க அச்செடி நிற்கும்.