வாசிப்பில் மத்தேயு விளைவு

வாசிப்பில் மத்தேயு விளைவு என்பது தொடக்க வகுப்புகளில் வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்கும் சரளமாக வாசிப்போருக்கும் இடையிலான இடைவெளி காலப்போக்கில் விரிவடைவதைக் குறிக்கும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் அறிமுகப்படுத்திய இச்சொல்லை, உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் வாசிப்புக்குப் பொருத்தி விளக்கினார்.

திணறும் குழந்தை குறைவாக வாசிக்கிறது; ஆகவே புதிய சொற்களையும் குறைவாகவே அறிகிறது. மேல்வகுப்புகளில் அறிவியல் பாடமும் வாக்கியக் கணக்குகளும் புரியாமல் போகின்றன. சோம்பேறி எனப் பழிக்கப்படுவதால் தன்னம்பிக்கையும் குன்றலாம்.

டிஸ்லெக்சியா இத்திணறலுக்கு ஒரு காரணம். போதிய பயிற்சியின்மை மற்றொன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.