யூ காட்டா மூவ்: இரண்டரை நிமிடப் பாட்டும் இரண்டு சென்ட் கணக்கும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்', 'பெயிண்ட் இட் பிளாக்' மாதிரியான பாட்டுகள்தான். 1971-ல் வெளிவந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள்கூட 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்சஸ்' பற்றித்தான் பேசுவார்கள். அந்த எல்.பி.யின் முதல் பக்கத்தில், ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' முடிந்ததும், கடைசியாக ஒரு சின்னப் பாட்டு வரும். பெயர் 'யூ காட்டா மூவ்'. இரண்டரை நிமிடம்தான். மெதுவாக இழுத்துப் பாடுவார்கள், பின்னால் கிடார் அழுதுகொண்டே வரும், முடிந்துவிடும். பலர் இதை எழுந்துபோய் தட்டைத் திருப்பிப் போடுவதற்கு முந்தைய பாட்டு என்ற அளவில்தான் வைத்திருப்பார்கள்.

ஆனால் இந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு பருத்திக்காட்டு விவசாயி இருக்கிறார், ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி இருக்கிறது, ஒரு செக் இருக்கிறது. ஊரே சேர்ந்து பாடிய ஒரு பாட்டுக்கு யாருக்குப் பணம் போகவேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

கோமோ ஊர்க்காரர்

ஃப்ரெட் மெக்டவல் பிறந்தது டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ராஸ்வில். பிறந்த வருடம் பற்றி ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே சொல்வார்கள். கல்லறைக் கல்லில் இருப்பது 1904. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். 1920-களில் மெம்ஃபிஸில் கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு பருத்தி பறிக்க மிசிசிப்பிக்குப் போனவர், கடைசியில் அந்த மாநிலத்தின் வடக்கே கோமோ என்ற சிற்றூரில் தங்கிவிட்டார். பகலில் விவசாயம், சனிக்கிழமை இரவு ஆட்டம் பாட்டம் நடக்கும் இடங்களில் கிடார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். சுமார் 55 வயது வரை அவர் பாட்டு ஒன்றுகூட இசைத்தட்டாக வரவில்லை.

அவர் வாசித்தது ஸ்லைடு கிடார். விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு தந்திகள் மேல் வழுக்கி வாசிப்பது. ஆரம்ப காலத்தில் அவர் பேனாக்கத்தியை வைத்தும், பிறகு தேய்த்து வழவழப்பாக்கிய மாட்டு எலும்பை வைத்தும் வாசித்திருக்கிறார். பாட்டின் ஒரு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைக் கிடாரைச் சொல்ல வைப்பது அவர் பாணி. அந்த மலைப்பகுதி ப்ளூஸில் கார்டு மாற்றமெல்லாம் அதிகம் கிடையாது. ஒரே சுருதியில், ஒரே தாளத்தில் சுற்றிச் சுற்றி வரும். கேட்கக் கேட்க தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

1959 செப்டம்பரில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், இங்கிலாந்துப் பாடகி ஷெர்லி காலின்ஸுடன் அந்தப் பக்கம் பதிவுக்கருவியோடு வந்தார். பகல் முழுக்கப் பருத்திக்காட்டில் வேலை செய்துவிட்டு வந்த மெக்டவல், இரவில் வாசித்தார். ஃபேனி டேவிஸ் என்ற பெண்மணி சீப்பின் மேல் காகிதத்தைச் சுற்றி வாயில் வைத்து ஊதினார். அந்தப் பதிவுகள் அட்லாண்டிக் கம்பெனி வெளியிட்ட நாட்டுப்புற இசை வரிசையில் வந்தன. நகரத்து ரசிகர்கள் அசந்துபோனார்கள். ஆனால் மெக்டவல் மறுநாளும் பருத்திக்காட்டுக்குத்தான் போனார்.

பாட்டு யாருடையது?

'யூ காட்டா மூவ்' மெக்டவல் உட்கார்ந்து யோசித்து எழுதிய பாட்டு கிடையாது. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வழிவழியாகப் பாடப்பட்ட பக்திப்பாட்டு அது. மேலேயிருந்து அழைப்பு வரும்போது எல்லோரும் சமம் என்பதுதான் சாரம். 1940-களிலேயே இது இசைத்தட்டாக வந்துவிட்டது. டூ காஸ்பல் கீஸ் என்ற பெண்கள் ஜோடி 1948-லும், சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1950-லும் பாடியிருக்கிறார்கள். நியூயார்க் ஹார்லம் தெருக்களில் பாடிக்கொண்டிருந்த பார்வையற்ற பாதிரியார் கேரி டேவிஸ் 1960-களின் தொடக்கத்தில் தன் பாணியில் பாடினார். பழைய காஸ்பல் பதிவுகளில் பாட்டுக்கு ஒரு துள்ளல் இருக்கும்.

மெக்டவல் அதே பாட்டை எடுத்து வேகத்தைக் குறைத்தார். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு ஒற்றை மனிதனின் பாட்டாக்கினார். குரல் எங்கே போகிறதோ அங்கே ஸ்லைடும் நிழல் மாதிரி கூடவே போகும். வார்த்தை பழசு, ஆனால் அந்தப் பாடும் விதம் முழுக்க முழுக்க அவருடையது. 1965-ல் பதிவாகி, 1966-ல் ஆர்ஹூலி என்ற சின்னக் கம்பெனியின் எல்.பி.யில் அது வெளிவந்தது.

ஆர்ஹூலியை 1960-ல் தொடங்கியவர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கா வந்தவர். லோமாக்ஸின் பதிவைக் கேட்டு, கோமோவுக்கே காரோட்டிப் போய் 1964-ல் மெக்டவலைப் பதிவு செய்தார். அதன்பிறகுதான் மெக்டவலுக்கு மேடைகள் கிடைத்தன. 1964-ல் நியூபோர்ட் இசைவிழா, 1965-ல் ஐரோப்பியப் பயணம். இளம் பாடகி பானி ரெய்ட் அவரிடமிருந்து ஸ்லைடு கற்றுக்கொண்டார்.

1969-ல் மெக்டவல் பதிவு செய்த ஒரு ஆல்பத்தின் பெயரே 'நான் ராக் அண்ட் ரோல் வாசிப்பதில்லை' என்ற பொருளில்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே வருடம்தான் உலகத்தின் பெரிய ராக் குழு ஒன்று அவர் பாட்டை எடுத்துக்கொண்டது.

அலபாமாவில் மூன்று நாள்

1969 டிசம்பர் 2 முதல் 4 வரை, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் இடையில் ஸ்டோன்ஸ் குழு அலபாமாவின் ஷெஃபீல்டில் உள்ள மஸல் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோவுக்குப் போனது. மூன்று நாளில் மூன்று பாட்டு: 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்சஸ்', 'யூ காட்டா மூவ்'. அடுத்த இரண்டாம் நாள் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் நிகழ்ச்சியில் ஒரு ரசிகர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அதனாலேயே அந்த வாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் சின்னப் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்டோன்ஸ் பதிவைக் கேட்டுவிட்டு மெக்டவல் பதிவைக் கேளுங்கள். மிக் டெய்லரின் எலக்ட்ரிக் ஸ்லைடும் சார்லி வாட்ஸின் டிரம்ஸும் புதுசு. ஆனால் வேகம், இழுவை, குரலோடு கிடார் ஒட்டிக்கொண்டு போவது எல்லாமே கோமோவிலிருந்து வந்தவை.

இரண்டு சென்ட்

இனி கணக்கு. அமெரிக்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது 1909-ம் வருடத்துக் காப்பிரைட் சட்டம். அதன்படி யாராவது ஒருவர் பாட்டை ஒருமுறை இசைத்தட்டாக வெளியிட அனுமதித்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடி வெளியிடலாம். பதிலுக்கு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உரிமையாளருக்கு 2 சென்ட் தரவேண்டும். இந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை!

வழக்கமாக அது இரண்டாகப் பிரியும். பாதி பாட்டின் பதிப்பாளருக்கு, பாதி எழுதியவருக்கு. உதாரணத்துக்கு ஒரு எல்.பி. 10 லட்சம் பிரதி விற்றால் ஒரு பாட்டுக்கு 20,000 டாலர், அதில் எழுதியவர் பங்கு 10,000 டாலர். கோடீஸ்வர ராக் குழுவுக்கு இது சில்லறை. மிசிசிப்பி விவசாயிக்கு இது வேறு வாழ்க்கை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இசைத்தட்டின் லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டுவிட்டால் 2 சென்டும் யாருக்கும் போகாது. பாரம்பரியம் வங்கிக்கணக்கு வைத்துக்கொள்வதில்லையே! ஆனால் பழைய பாட்டை ஒருவர் புதிய வடிவத்தில் அமைத்திருந்தால் அந்த அமைப்புக்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமிருந்தது. மெக்டவல் நின்றது அந்த இடத்தில்தான்.

இந்த விஷயத்தில் ஸ்ட்ராக்விட்ஸ் விவரமானவர். 1965-ல் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் என்ற பாடகர் வியட்நாம் போருக்கு எதிரான ஒரு பாட்டை அவர் வீட்டில் பதிவு செய்தார். கூலியாக ஸ்ட்ராக்விட்ஸ் கேட்டது பாட்டின் பதிப்புரிமையில் பங்கு. 1969-ல் உட்ஸ்டாக் விழாவில் அந்தப் பாட்டு பிரபலமாகி, 1970-ல் படத்திலும் வந்தபோது கொட்டிய ராயல்டியில் அவர் எல் செரிட்டோவில் ஒரு கட்டடமே வாங்கினார். பாட்டைவிட அதன் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தது. மெக்டவலுக்குச் சேரவேண்டிய ராயல்டிக்காக ஸ்ட்ராக்விட்ஸ் விடாமல் போராடினார். பணம் வந்தது. மெக்டவல் அதுவரை வாழ்நாளில் பார்த்திராத பெரிய செக் அது. அப்போது அவருக்குப் புற்றுநோய். 1972 ஜூலை 3-ம் தேதி மெம்ஃபிஸில் இறந்தார். ஆல்பம் வெளியானதிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் செக் அவர் கைக்கு வந்தே இருக்காது.

நியாயம் எந்தப் பக்கம்?

வெள்ளைக்காரக் குழு கறுப்பினக் கலைஞரைச் சுரண்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. ஸ்டோன்ஸ் இந்தப் பாட்டைப் பாடியிராவிட்டால் மெக்டவலின் பெயர் இத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சமயத்தில் ஸ்டோன்ஸே காகிதத்தில் அடிபட்டவர்கள்தான். அவர்களுடைய 1960-களின் பாட்டுகளின் உரிமை மேலாளர் ஆலன் க்ளைனின் கம்பெனியிடம் சிக்கிக்கொண்டது. அதே மூன்று நாளில் பதிவான 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்சஸ்' இரண்டும்கூட அதில் மாட்டின.

மறுபக்கம், மெக்டவலுக்கு முன் பாடிய தேவாலயத்துப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் பெயர் எந்த லேபிளிலும் வரவில்லை. பின்னாளில் இந்தப் பாட்டுக்கு மெக்டவல், கேரி டேவிஸ் என்று இரண்டு பெயர்கள் போடப்படுகின்றன. கேரி டேவிஸும் 1972 மே மாதமே இறந்துவிட்டார். முதன்முதலில் பாடியவர் யார் என்பதை எந்தச் சட்டத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சட்டம் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் பார்க்கும்.

அதுவும் இல்லாதவர்கள் கதி இன்னும் மோசம். ஸ்டோன்ஸ் 1969-ல் பாடிய 'லவ் இன் வெய்ன்' ராபர்ட் ஜான்ஸனின் பாட்டு. அவர் 1938-லேயே இறந்துவிட்டார். ஆனால் ஸ்டோன்ஸின் தட்டில் 'வுடி பெய்ன்' என்று யாரோ ஒருவர் பெயர் போட்டிருந்தது. ஜான்ஸனின் பாட்டுகள் பொதுச்சொத்து அல்ல என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது வருடம் 2000. இதோடு ஒப்பிட்டால் மெக்டவல் அதிர்ஷ்டசாலி. உயிரோடு இருந்தார், அவருக்காகக் கணக்குக் கேட்க ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளுக்கும் பதிப்பாளர் என்ற முறையில் அதில் லாபம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நல்ல மனசு மட்டும் இருந்திருந்தால் அந்த செக் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

எழுத்துப்பிழை

மெக்டவலை கோமோவுக்கு அருகில் ஹாமண்ட் ஹில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கல்லறையில் புதைத்தார்கள். அங்கே வைத்த கல்லில் அவர் பெயரையே எழுத்துப்பிழையோடு பொறித்திருந்தார்கள். 1993 ஆகஸ்ட்டில்தான் சரியான பெயரும் அவர் முகமும் பொறித்த புதிய கல் வைக்கப்பட்டது. செலவை ஏற்றுக்கொண்டவர் அவரிடம் ஸ்லைடு கற்ற பானி ரெய்ட்.

ஸ்ட்ராக்விட்ஸ் 2023-ல் காலமானார். ஆர்ஹூலியின் பதிவுகள் 2016 முதல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் அமைப்பிடம் பத்திரமாக இருக்கின்றன. 'யூ காட்டா மூவ்' பாட்டின் இரண்டு பதிவுகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், மொத்தமே ஐந்தாறு நிமிடம்தான். கேட்கும்போது பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சின்ன எழுத்துகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த 2 சென்ட் யாருக்குப் போனது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.