பின்பால் போட்டிகளில் இயந்திர அமைப்பும் நடுநிலையும்

பின்பால் என்பது கண்ணாடி மூடிய சாய்வான பலகையின் மீது ஓடும் எஃகுப் பந்தை, பிளிப்பர் எனப்படும் சிறு துடுப்புகளால் அடித்து, கீழே விழாமல் காத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு ஆகும். இதில் ஆட்டக்காரரின் உண்மையான எதிராளி இயந்திரமே. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு இயந்திரங்கள்கூட ஒன்றுபோல் ஆடுவதில்லை. ரப்பர் வளையங்களின் தேய்வு, பலகையின் சரிவு, பிளிப்பரின் வலிமை ஆகியவை ஒவ்வொன்றிலும் வேறுபடும். எனவே இயந்திரத்தை யார், எப்படி அமைக்கிறார்கள் என்பது இவ்விளையாட்டின் வரலாறு முழுவதும் கேட்கப்பட்டு வந்த கேள்வியாகும்.

சூதாட்டமா, திறனாட்டமா?

பகடெல் என்ற பழைய மேசை விளையாட்டில் சில மாற்றங்களைச் செய்து 1871-இல் மாண்டேகு ரெட்கிரேவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பந்தை உந்தும் சுருள்வில் தண்டு அவற்றுள் ஒன்று. 1931-இல் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' இவ்வகை இயந்திரங்களைக் கடைதோறும் கொண்டுசென்றது. அக்காலத்தில் பிளிப்பர் இல்லை. பந்தை உந்திய பிறகு, இயந்திரத்தைத் தட்டி அசைப்பதைத் தவிர ஆட்டக்காரர் செய்யக்கூடியது குறைவு. பரிசுக்காகவும் பணத்துக்காகவும் ஆடப்பட்டதால் இது சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1942-இல் மேயர் பியோரெல்லோ லா கார்டியாவின் முயற்சியால் நியூயார்க் நகரில் பின்பால் தடை செய்யப்பட்டது. கைப்பற்றப்பட்ட இயந்திரங்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன.

1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் ஹாரி மாப்ஸ் பிளிப்பரை அறிமுகப்படுத்தினார். பந்தின் போக்கு ஆட்டக்காரரின் கைக்கு வந்தது. ஆயினும் நியூயார்க் தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு நகரமன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் ஆடிக் காட்ட அழைக்கப்பட்டார். கொண்டுவரப்பட்ட இரண்டு இயந்திரங்களில் முதலாவது முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தால், மாற்றாக வைத்திருந்த இயந்திரத்தில் ஆடுமாறு அவரிடம் கூறப்பட்டது. பந்து எந்த வழியே இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஷார்ப் அதை உந்தினார். அவர் சொன்னபடியே பந்து சென்றது. தடை நீங்கியது.

டில்ட் கருவி

இயந்திரத்தை அளவுக்கு மீறி அசைப்பதைத் தடுக்க 1930-களில் ஹாரி வில்லியம்ஸ் டில்ட் கருவியை உருவாக்கினார். பின்னர் பரவலான ஊசல் வடிவில், ஓர் உலோக வளையத்தின் நடுவே ஊசல் குண்டு தொங்கும். அதிர்வால் குண்டு வளையத்தைத் தொட்டால் மின்சுற்று இணைந்து, ஆட்டக்காரர் அந்தப் பந்தை இழப்பார். குண்டை ஏற்றி இறக்குவதன் மூலம் இதன் கடுமையை மாற்றலாம். இயந்திரத்தை ஓரளவு தட்டி அசைப்பது தேர்ந்த ஆட்டத்தின் ஒரு பகுதி என்பதால், இந்தச் சிறு குண்டின் உயரம் போட்டியின் முடிவையே மாற்ற வல்லது.

கடை அமைப்பும் போட்டி அமைப்பும்

கடைக்காரருக்கு வேண்டியது காசு. ஆட்டம் விரைவில் முடிய வேண்டும்; ஆனால் ஆட்டக்காரர் சலித்துப் போய்விடவும் கூடாது. 1986-இல் வெளிவந்த வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'ஹை ஸ்பீடு', இலவச ஆட்டத்துக்குரிய புள்ளியைக் கடந்தகால ஆட்டங்களைக் கணக்கிட்டுத் தானே மாற்றிக்கொண்டது.

போட்டி அமைப்பாளருக்கு வேண்டியது வேறு. எல்லோருக்கும் ஒரே நிலை இருக்க வேண்டும். ஆட்டம் நேரத்துக்குள் முடியவும் வேண்டும். இதற்காகக் கூடுதல் பந்து வசதி நிறுத்தப்படும். பந்தைத் திருப்பித் தரும் காப்பு நேரம் குறைக்கப்படலாம். பலகையின் இரு ஓரங்களிலும் உள்ள இழப்பு வழிகளின் தடுப்புகள் அகற்றப்படலாம். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 6.5 பாகை சரிவு இன்னும் கூட்டப்படலாம். பலகை இடமோ வலமோ சாயாதபடி மட்டம் பார்க்கப்படும். பிற்கால இயந்திரங்களின் போட்டி முறை, குலுக்கலில் கிடைக்கும் பரிசுகளை எல்லோருக்கும் ஒரே வரிசையில் வழங்கும். கடினமாக்குவது அநீதி ஆகாது. ஒருவருக்குக் கடினமாகவும் மற்றவருக்கு எளிதாகவும் இருப்பதே அநீதி என்பது இந்த ஏற்பாடுகளின் அடிப்படை.

போட்டி முறைகளின் வளர்ச்சி

ஷார்ப்பும், நியூயார்க்கில் விளையாட்டுக் கூடம் நடத்திய ஸ்டீவ் எப்ஸ்டீனும் ஒழுங்கான போட்டி முறைகளை வகுக்க முயன்றனர். 'பாப்பா' என்ற சுருக்கப் பெயர் கொண்ட தொழில்முறை மற்றும் பொழுதுபோக்குப் பின்பால் சங்கத்தின் முதல் போட்டி 1991-இல் நியூயார்க்கில் நடந்தது. பின்னர் பாப்பா பிட்ஸ்பர்க் பகுதிக்கு மாறியது. 2004 செப்டம்பரில் ஐவன் புயலால் ஏற்பட்ட வெள்ளத்தில் அங்கிருந்த இயந்திரங்கள் மூழ்கின. கூடம் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது.

1970-களின் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வரும் புள்ளி, 1995-இல் வந்த 'அட்டாக் ஃப்ரம் மார்ஸ்' இயந்திரத்தில் கோடிக்கணக்கில் வரும். இவற்றை அப்படியே கூட்டினால் ஒரே இயந்திரம் முழுப் போட்டியையும் தீர்மானித்துவிடும். ஆகவே நால்வர் கொண்ட குழு ஒரே இயந்திரத்தில் ஆடி, பெறும் இடத்துக்கேற்ப மதிப்பெண் பெறும் முறை நிலைபெற்றது. பிட்ஸ்பர்க்கில் நடந்த 'பின்பர்க்' போட்டியில் இது 3, 2, 1, 0 என வழங்கப்பட்டது. வெவ்வேறு காலத்து இயந்திரங்கள் ஒரே சுற்றில் சேர்க்கப்பட்டதால், ஒரு காலத்து இயந்திரங்களில் மட்டும் தேர்ந்தவர் எளிதில் முந்த முடியவில்லை.

ஆடும் வரிசையும் முக்கியமானது. கடைசியில் ஆடுபவர் தாம் எட்ட வேண்டிய புள்ளியை அறிந்தே ஆடுகிறார். எனவே பல இறுதிச் சுற்றுகளில், முன்னிலையில் உள்ளவர் இயந்திரத்தையோ ஆடும் வரிசையையோ தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் தாமே எடுத்துக்கொள்ள முடியாது.

பழுது நேரும்போது

எவ்வளவு கவனமாக அமைத்தாலும் இயந்திரம் பழுதாகும். பாப்பா விதிகள் பழுதைப் பெரியது, சிறியது எனப் பிரித்தன. ஆட்டக்காரரின் தவறின்றிப் பந்து முடிந்துபோனால் அது பெரும் பழுது. அவருக்கு ஈட்டுப் பந்து ஒன்று தரப்படும். ஓர் இலக்கு ஒருமுறை புள்ளி தராமல் போவது சிறு பழுது; அது ஆட்டத்தின் இயல்பாகவே கொள்ளப்படும். ஒருவர் செய்த டில்ட் அடுத்தவரின் பந்தைப் பறித்தால், இழந்தவருக்கு ஈடு உண்டு. ஆட்டக்காரருக்குச் சாதகமான பழுது திரும்பத் திரும்ப நேர்ந்தால் அதைப் பயன்படுத்த இடமில்லை. இவற்றில் தீர்ப்பு வழங்குபவர் போட்டி இயக்குநர்.

2006-இல் புத்துயிர் பெற்ற பன்னாட்டு பிளிப்பர் பின்பால் சங்கம், பல நாட்டுப் போட்டிகளின் முடிவுகளைக் கொண்டு உலகத் தரவரிசையை வெளியிடத் தொடங்கியது. இதனால் ஒரு சிற்றூர் விடுதியில் நடக்கும் போட்டியின் முடிவும் உலகப் பட்டியலில் இடம்பெறலாயிற்று. 1976-இல் நகரமன்றக் குழு எழுப்பிய ஐயத்துக்கு அன்று ஒருவரின் கைத்திறன் பதில் தந்தது. பிற்காலப் போட்டிகளில் அந்தப் பதிலைத் தரும் பொறுப்பு, ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்கப்படும் விதிகளிடமும் அனைவருக்கும் பொதுவான இயந்திர அமைப்பிடமும் வந்து சேர்ந்தது.